பழைய ரைபிளும் ஈயச் சன்னமும்: குழலுக்குள் உண்மையில் நடப்பது என்ன?

"வீட்டில் வார்த்த ஈயச் சன்னத்தைப் பழைய இராணுவ ரைபிளில் சுட்டால் ஈயம் உருகிக் குழலை அடைத்துவிடும்." மட்டக்களப்பில் துவக்கைப் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் இந்தக் கதையும் கூடவே எழும். படுவான்கரையில் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் வயலைக் காத்த பெரியவர்கள் இதை அடித்துச் சொல்வார்கள். விடுமுறைக்கு ஊர் வரும் கனடா உறவுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள்: "ஈயத்தைக் கடினமாக்கிவிட்டால் போதும், எந்த ரைபிளிலும் சுடலாம்." இரண்டு பேச்சுமே பிழை. இரண்டும் ஒரே இடத்தில்தான் பிழைக்கின்றன. குழலுக்கும் சன்னத்துக்கும் இடையில் இருக்கும் மயிரிழை இடைவெளியை இருவருமே கணக்கில் எடுப்பதில்லை.

கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் உலகப் போர்க்காலத்து ரைபிள்களை உரிமம் பெற்றவர்கள் வாங்கி, சுடுதளத்தில் தாள் இலக்கை நோக்கிச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. போர் முடிந்ததும் இராணுவக் களஞ்சியங்களிலிருந்து இலட்சக்கணக்கில் மலிவாக வெளியே வந்த துவக்குகள் அவை. பிரித்தானியாவின் லீ என்பீல்ட், ரஷ்யாவின் மோசின் நாகன், ஜெர்மனியின் மவுசர் ஆகியவை அவற்றில் பெயர்போனவை. ரைபிள் கிடைத்தாலும் அதற்கேற்ற பழைய ரவை அருகிக்கொண்டே போகிறது, புதிய ரவையோ விலை கூடியது. அதனால் பலர் சன்னத்தைத் தாமே ஈயத்தில் வார்த்துக்கொள்கிறார்கள். மெதுவாகச் செல்லும் ஈயச் சன்னம் பழைய குழலை அதிகம் தேய்ப்பதில்லை, தோளையும் பலமாக உதைப்பதில்லை என்பது இன்னொரு காரணம்.

இலங்கையில் இதற்கு இடமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. உரிமமில்லாமல் துவக்கு வைத்திருப்பதும் ரவை செய்வதும் குற்றம். இந்தக் கட்டுரை ஒரு விஞ்ஞானத்தை விளக்குகிறது, செய்முறையைக் கற்றுத்தரவில்லை. வெடிமருந்தின் அளவு பற்றி இதில் ஒரு வரியும் இராது.

ரவை, கோது, சன்னம்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "குண்டு" என்று சொல்லிவிடுகிறோம். குழப்பத்தின் பாதி அங்கிருந்துதான் வருகிறது. துவக்கில் இடும் முழுப் பொருள் ரவை. அதில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளையாலான கூடு கோது. கோதின் அடியில், ஊசி தட்டியதும் பொறி எழுப்பும் சிறு மூடி தீமூட்டி. உள்ளே இருப்பது மருந்து. வாயில் செருகப்பட்டு, சுட்டதும் பறந்து போவது சன்னம். வீட்டில் வார்ப்பதாகச் சொல்வது இந்தச் சன்னத்தை மட்டும்தான்.

குழல் வழுவழுப்பானதல்ல

மட்டக்களப்புக் கோட்டைக்குப் போனவர்கள் அங்கிருக்கும் பழைய பீரங்கிகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள். அவற்றின் உட்புறம் வெறும் வட்டக் குழாய்தான். வயல் காவலுக்கு உரிமம் வழங்கப்படும் சொட்கன் துவக்கும் அப்படித்தான். ரைபிள் அப்படியல்ல. அதன் குழலின் உட்சுவரில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை நேராக ஓடாமல் திருகிச் செல்லும். இந்தப் பள்ளத்தைத் தவாளிப்பு என்றும், இரண்டு தவாளிப்புகளுக்கு இடையில் எஞ்சி நிற்கும் பகுதியை மேடு என்றும் இனிச் சொல்வோம்.

சன்னம் குழலுக்குள் தள்ளப்படும்போது மேடுகள் அதன் பக்கங்களில் பதிந்து அதைச் சுழற்றுகின்றன. வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் மாற்றாது. அதனால்தான் நீளமான சன்னம் கரணமடிக்காமல் மூக்கு முன்னே இருக்கப் பறக்கிறது. லீ என்பீல்ட் ரைபிளின் தவாளிப்பு 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று திரும்புகிறது. 10 அங்குலம் என்பது 25.4 சென்றிமீற்றர். வினாடிக்கு 500 மீற்றர் வேகத்தில் வெளியேறும் சன்னம், அப்படியானால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2000 முறை சுழல்கிறது.

இவ்வளவு சுழற்சியை மேடுகள்தான் கொடுக்க வேண்டும். மேடு பிடிக்கும் இடத்தில் சன்னத்தின் உலோகம் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சன்னம் சுழலாமல் மேடுகளின்மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் போய்விடும்.

செம்பு உறை ஏன் வந்தது?

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எல்லாப் படைகளும் ஈயச் சன்னத்தையே சுட்டன. பிரித்தானியப் படையின் மார்ட்டினி ஹென்றி ரைபிள், தாள் சுற்றிய ஈயச் சன்னத்தை வினாடிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் அனுப்பியது. அது கரும்புகை கக்கும் பழைய மருந்தின் காலம்.

1884இல் பிரான்ஸில் போல் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1886இல் பிரெஞ்சுப் படை அதை லெபெல் ரைபிளில் பயன்படுத்தத் தொடங்கியது. சன்னத்தின் வேகம் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. அந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்கவில்லை. மேடுகள் அதைச் சீவி எடுத்தன. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882இலேயே செம்பு உறை போர்த்திய சன்னத்தைச் செய்திருந்தார். எல்லாப் படைகளும் அந்த வழிக்கு மாறின.

பிரித்தானியா 1888இல் எடுத்துக்கொண்ட லீ மெட்போர்ட் ரைபிளின் தவாளிப்புகள் ஆழம் குறைந்து, வளைந்த விளிம்போடு இருந்தன. கரும்புகை மருந்தின் கசடு படியாமலிருக்க அப்படி அமைத்திருந்தார்கள். பின்னர் வந்த கோர்டைட் என்ற சூடான புகையில்லா மருந்து அந்த மென்மையான தவாளிப்புகளை விரைவில் அரித்துவிட்டது. அதனால் 1895இல் ஆழமான, கூர் விளிம்புள்ள ஐந்து தவாளிப்புகளோடு லீ என்பீல்ட் வந்தது. இலங்கையில் பொலிஸாரின் தோளிலும் இராணுவத்தின் தோளிலும் நெடுங்காலம் தொங்கிய "த்ரீ நோட் த்ரீ" (.303) இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கனடாவின் வடபகுதிக் காவலர்களான ரேஞ்சர்கள் 1947 முதல் இந்த நூற்றாண்டு வரை இதையே சுமந்தார்கள்.

ஆகவே இந்தப் பழைய ரைபிள்கள் செம்பு உறைச் சன்னத்துக்காகப் பிறந்தவை. அவற்றில் வெறும் ஈயத்தைச் சுடுவதென்றால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். .303இன் இராணுவ ரவை வினாடிக்கு ஏறத்தாழ 744 மீற்றர் வேகம் கொண்டது. ஈயச் சன்னக்காரர்கள் பொதுவாக 450க்கும் 600க்கும் இடையில் நின்றுகொள்கிறார்கள்.

ஈயம் உருகுவதில்லை, அரிக்கப்படுகிறது

இப்போது முதல் கதைக்கு வருவோம். ஈயம் உருகும் வெப்பநிலை 327 பாகை செல்சியஸ். எரியும் மருந்தின் வெப்பநிலை 2000 பாகையை எளிதில் தாண்டும். அப்படியானால் உருகத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் சன்னம் குழலுக்குள் இருப்பது ஓரிரு மில்லி வினாடிதான். அந்த நேரத்துக்குள் சன்னத்தின் அடிப்பாகம் மொத்தமாகச் சூடேறி உருகுவதற்கு வாய்ப்பில்லை. சுடுதளத்தின் மண் அணையிலிருந்து தோண்டியெடுத்த ஈயச் சன்னங்களைப் பார்த்தாலே இது தெரியும். மூக்கு நசுங்கியிருக்கும்; அடிப்பாகமோ பெரும்பாலும் வார்த்தபோது இருந்த வடிவத்திலேயே இருக்கும், பக்கங்களில் மேடுகள் பதிந்த தடம் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் குழலில் ஈயம் ஒட்டுவது எப்படி? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டின் நுனியில் தோல் வோசர் ஒன்று இருக்கிறது. வோசர் எண்ணெய் ஊறி, விரிந்து, குழாயின் சுவரை முழுச் சுற்றும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரே அழுத்தில் காற்று ரயருக்குள் போகும். அது காய்ந்து சுருங்கியிருந்தால், எவ்வளவு பலமாக அழுத்தினாலும் காற்று வோசரின் ஓரத்தால் பின்பக்கம் ஓடிவிடும். கையில் பலமில்லை என்று யாரும் சொல்வதில்லை; வோசரைத்தான் மாற்றுகிறோம்.

குழலுக்குள் சன்னம்தான் அந்த வோசர். அதன் பின்னால் இருப்பது நம் கையின் பலமல்ல. இராணுவ ரவையில் வளிமண்டல அமுக்கத்தின் 3000 மடங்குக்கும் மேற்பட்ட வாயு அமுக்கம் எழுகிறது. குறைந்த மருந்துள்ள ஈயச் சன்ன ரவையில் இது வெகுவாகக் குறையும் என்றாலும், அப்போதும் அது பெரிய அமுக்கம்தான். சன்னம் குழலைவிட மயிரளவு சிறிதாக இருந்தால், இந்தச் சூடான வாயு அந்த இடுக்கால் முன்னோக்கிப் பீறிடுகிறது. மெல்லிய இடுக்கால் பாயும் அதிவேகச் சூட்டு வாயு, சன்னத்தின் பக்கத்து ஈயத்தை அரித்துத் தூளாக்கி முன்னால் வீசுகிறது. அந்தத் தூள் குழலின் சுவரில் படிகிறது. பின்னால் வரும் சன்னம் அதை இஸ்திரி போட்டதுபோல் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகிறது. அடுத்த சன்னத்துக்கு குழல் இன்னும் கரடுமுரடாகிறது. ஒட்டுவது இன்னும் கூடுகிறது. இதை ஈயப் படிவு என்போம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மேடுகள் சன்னத்தைச் சுழற்ற வேண்டும், சன்னம் வாயுவை அடைக்க வேண்டும். சுழற்றலில் தோற்றால் குறி தப்பும். அடைப்பதில் தோற்றால் ஈயம் படியும், குறியும் தப்பும். ஈயத்தின் உருகுநிலைக்கு இந்தக் கதையில் பெரிய பங்கில்லை.

".303" என்பது எந்த அளவு?

பொருத்தம் என்று சொன்னவுடன், ".303 துவக்குக்கு .303 சன்னம் போட்டால் சரிதானே" என்று கேட்கத் தோன்றும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

லீ என்பீல்ட் ரைபிளில் 0.303 அங்குலம் என்பது மேடுகளின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம். அதாவது தவாளிப்பு வெட்டுவதற்கு முன் குழலில் துளைத்த துளையின் அளவு. தவாளிப்புகளின் அடிகளைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டத்தை அளந்தால் அது 0.313 முதல் 0.316 அங்குலம் வரை வரும். சில துவக்குகளில் அதற்கும் மேல் போகும். வாயு தப்பிப் போவது தவாளிப்பின் அடியால்தான். ஆகவே சன்னம் அந்தப் பெரிய அளவை நிரப்ப வேண்டும், அதைவிட ஆயிரத்தில் ஓரிரு பங்கு அங்குலம் பெரிதாகவே இருப்பது நல்லது. அந்த மிகுதியைக் குழல் தானே பிழிந்து எடுத்துக்கொள்ளும்.

இங்கே போர்க்காலத் தொழிற்சாலைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும், இரவு பகலாக இலட்சக்கணக்கில் துவக்கு செய்தார்கள். செம்பு உறைச் சன்னம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்பதால் குழலின் அளவில் சிறு வித்தியாசத்தை அனுமதித்தார்கள். சில குழல்களில் ஐந்துக்குப் பதிலாக இரண்டே தவாளிப்புகள் வெட்டினார்கள். பிறகு அவை பாலைவனத்திலும் சேற்றிலும் தேய்ந்தன. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரண்டு துவக்குகளுக்கு இன்று இரண்டு அளவு இருக்கலாம். அமெரிக்க .30 அளவுத் துவக்குகளுக்கென்று விற்கும் அச்சில் வார்த்த சன்னம் 0.309, 0.310 என்று வரும். அது .303இன் குழலுக்குள் காய்ந்த வோசர்தான். பலருடைய முதல் முயற்சி இதில்தான் பாழாகிறது. பழி ஈயத்தின்மேல் விழுகிறது.

அளப்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. எண்ணெய் தடவிய வெற்றுக் குழலுக்குள் தூய ஈயத் துண்டு ஒன்றைத் தட்டி நுழைத்து, கோலால் மெல்ல முழுத் தூரமும் தள்ளி மறுபக்கம் எடுப்பார்கள். ஈயத்துண்டு குழலின் உட்புற வடிவத்தை அப்படியே பதிந்துகொண்டு வெளிவரும். மேடு இருந்த இடம் பள்ளமாகவும், தவாளிப்பு இருந்த இடம் மேடாகவும் இருக்கும். தள்ளும்போது கைக்கு ஒரு செய்தி கிடைக்கும்: இறுக்கமாகப் போய்க்கொண்டிருந்த துண்டு ஓரிடத்தில் திடீரென்று தளர்ந்தால், அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது என்று பொருள். வெளியே வந்த துண்டை நுண்மானித் திருகுக் கணிச்சியால் (மைக்ரோமீற்றரால்) அளக்க வேண்டும். லீ என்பீல்ட்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். ஐந்து தவாளிப்பு என்பதால் ஒரு தவாளிப்புக்கு நேரெதிரே மேடுதான் இருக்கும். கணிச்சியின் இரண்டு தட்டையான தாடைகளுக்கு இடையில் வைத்தால் உண்மையான விட்டத்தைவிடக் குறைவாகவே காட்டும். அந்தக் குறைந்த எண்ணை நம்பி அச்சு வாங்கியவரின் சன்னம் தொடக்கத்திலேயே சிறிதாகிவிடுகிறது. இதற்கென்று கீழ்த்தாடை ஆங்கில 'V' எழுத்தின் பள்ளம்போல் கோணமாக வெட்டப்பட்ட கணிச்சி இருக்கிறது.

எனக்கு இந்த அளத்தல் பகுதியில்தான் மிகுந்த மரியாதை. துவக்கு இப்படி இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் இந்தத் துவக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது எந்தத் தொழிலுக்கும் நல்ல தொடக்கம்.

கடினம் பற்றிய மயக்கம்

இரண்டாவது கதை: "ஈயத்தைக் கடினமாக்கிவிட்டால் போதும்." தூய ஈயத்தை நகத்தால் கீறலாம். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவையில் அது ஏறத்தாழ 5. அதோடு வெள்ளீயமும் அந்திமனியும் சேர்த்தால் கடினம் ஏறும். இப்படி உலோகங்களை உருக்கிச் சேர்ப்பது கலப்புலோகம். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் நம் அச்சுக்கூடங்களில் இருந்த எழுத்துகளும் இதே மூன்று உலோகங்களின் கலவைதான். எழுத்தை வரி வரியாக வார்க்கும் லினோடைப் இயந்திரத்தின் ஈயத்தில் நூற்றுக்கு 4 பங்கு வெள்ளீயமும் 12 பங்கு அந்திமனியும் இருக்கும். அதன் கடினம் ஏறத்தாழ 22. வெள்ளீயம், உருகிய ஈயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்ப உதவுகிறது. அந்திமனி கடினத்தைக் கொடுக்கிறது.

கடினமான சன்னத்தை மேடுகள் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. வேகம் கூடக் கூட இது தேவைப்படும். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மென்மையான சன்னத்தின் அடியில் வாயு அமுக்கம் ஏறும்போது அது சற்றுக் குறுகிப் பக்கவாட்டில் புடைக்கிறது. புடைத்து, கொஞ்சம் பெரிதான குழலையும் தானே அடைத்துக்கொள்கிறது. மிகக் கடினமான சன்னம் மருந்து குறைந்த ரவையின் அமுக்கத்தில் புடைக்காது. அது சிறிதாக இருந்தால் சிறிதாகவே குழல் முழுவதும் பயணம் செய்யும், வாயு முழுத் தூரமும் அதன் ஓரத்தை அரித்துக்கொண்டே வரும். ஆக, அளவு பிழைத்த சன்னத்தைக் கடினமாக்கினால் ஈயப் படிவு குறைவதற்குப் பதில் கூடிவிடக்கூடும். முதலில் அளவைச் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் வேகத்துக்கு ஏற்ற கடினம்.

மெழுகும் செப்புக் கிண்ணமும்

வார்த்த சன்னத்தைச் சுற்றி மோதிரம்போல் சில பள்ளங்கள் இருக்கும். அதில் கொழுப்பையோ மெழுகையோ அடைப்பார்கள். தேன்மெழுகு இன்றும் இதில் முதலிடம் பெறுகிறது. அது உராய்வைக் குறைக்கிறது, சிறு இடுக்குகளையும் அடைக்கிறது. கொழுப்புப் பூசிய ரவை 1857இல் இந்தியச் சிப்பாய்களிடையே எழுப்பிய கொந்தளிப்பைப் பள்ளிக்கூட வரலாற்றில் படித்திருக்கிறோம். அந்தக் கொழுப்பும் இதே வேலைக்காகத்தான் பூசப்பட்டது.

இன்னும் வேகம் வேண்டியவர்கள் சன்னத்தின் அடியில் செம்பாலான சிறு கிண்ணம் ஒன்றை அழுத்திப் பொருத்துகிறார்கள். சன்னத்தின் மிக மென்மையான விளிம்பு வாயுவுக்கு நேரே நிற்காமல் அது காக்கிறது. ஆனால் மெழுகாலோ கிண்ணத்தாலோ சிறுத்த சன்னத்தைக் காப்பாற்ற முடியாது.

உப்பும் துருவும்

பழைய இராணுவ ரைபிளின் குழல் பல வேளைகளில் பருவு பருவாகக் குழிந்திருக்கும். காரணம் தீமூட்டியில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைட்டு ஆகிறது. அது சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் வீட்டுத் தகரமும் சைக்கிள் செயினும் என்ன ஆகின்றன என்பது கல்லடிக்காரர்களுக்கும் திருக்கோவில்காரர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழலுக்குள் அதே வேலை நடக்கிறது.

உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன் என்று நம்பியவரின் குழல், எண்ணெய்க்கு அடியில் துருப்பிடித்தது. பிரித்தானியச் சிப்பாய் குழலுக்குள் கொதிநீரை ஊற்றிக் கழுவி, காயவைத்து, அதன்பிறகே எண்ணெய் பூசினான். அதைச் செய்யாத துவக்குகள்தான் இன்று உட்புறம் குழிவிழுந்து வருகின்றன. செம்பு உறைச் சன்னம் அந்தக் குழிகளைத் தாண்டிப் போய்விடும். ஈயமோ ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் கொஞ்சம் சீவப்பட்டுத் தங்கும். அளவு சரியாக இருந்தும் ஈயம் படிந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இதுவரை மூன்று காரணங்கள் பார்த்துவிட்டோம்: சிறுத்த சன்னம், வேகத்துக்குப் பொருந்தாத கடினம், கரடான குழல். முதலாவது எல்லாவற்றிலும் பெரியது.

உருக்கும் இடத்தில் ஆபத்து எங்கே?

துவக்கை மறந்துவிட்டுப் படிக்க வேண்டிய பகுதி இது. ஏனென்றால் ஈயம் வார்ப்பது நம் ஊரில் நடக்கிற வேலை. வாவிக்கரையில் வீச்சுவலையின் ஓரத்துக்கு ஈயக் குண்டு கட்டாமல் தொழிலுக்கு இறங்க முடியாது. பழைய ஈயத்தை வீட்டு முற்றத்திலேயே உருக்கி வார்ப்பவர்களும் உண்டு.

"ஈயப் புகைதான் நஞ்சு, காற்றோட்டமாக இருந்தால் ஒன்றுமில்லை" என்பது பரவலான நம்பிக்கை. ஈயம் கொதிப்பது 1749 பாகையில். உருக்கும் சட்டியின் சூடு வழக்கமாக 400 பாகையைச் சுற்றி நிற்கும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உண்மையான ஆபத்து உருகிய ஈயத்தின்மேல் படரும் சாம்பல் நிற ஆடையில் இருக்கிறது. அது ஈய ஒட்சைட்டு. அதை வழித்து நிலத்தில் கொட்டும்போது மாவுபோல் தூளாகிக் கையில், சாரத்தில், முற்றத்து மணலில் கலக்கிறது. அந்தக் கையால் வெற்றிலை போடுகிறோம், பீடி பற்றவைக்கிறோம், பிள்ளையைத் தூக்குகிறோம். ஈயம் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காற்றோட்டம் வேண்டும்தான். அதோடு சவர்க்காரம் போட்ட கை, தனி உடுப்பு, ஈரத்துணியால் துடைத்த இடம், பிள்ளைகள் அண்டாத தூரம் ஆகியவையும் வேண்டும். விளக்குமாற்றால் கூட்டவே கூடாது; தூள் கிளம்பிவிடும்.

இன்னும் இரண்டு விடயங்கள். வாவிக்குள் கிடந்த வலையிலிருந்து கழற்றிய ஈயக் குண்டின் மடிப்பிலும் துளையிலும் நீர் தங்கியிருக்கும். அதை உருகிய ஈயத்துக்குள் போட்டால் நீர் ஒரு கணத்தில் நீராவியாக விரிந்து, சட்டியிலிருக்கும் ஈயத்தை முகத்தில் அள்ளி வீசும். ஈரமான ஈயத்தைக் குளிர்ந்த சட்டியில் இட்டு, சட்டியோடு சேர்த்துத்தான் சூடேற்ற வேண்டும். மற்றது, பழைய வாகனப் பற்றரி. மலிவாகக் கிடைக்கிறது என்று அதன் தகடுகளை உடைத்து உருக்குவதை எவரும் செய்யக்கூடாது. அமிலமும் ஈயச் சேர்வைகளும் தூளாகவும் புகையாகவும் வெளிவரும். தகட்டில் சேர்த்திருக்கும் ஆசனிக்கும் அந்திமனியும் நச்சு வாயுவாகவும் கிளம்பலாம். சன்னம் வார்க்கும் வெளிநாட்டவர்களில் விடயம் தெரிந்தவர்கள் பற்றரி ஈயத்தைத் தொடுவதில்லை. நம் வலைத்தொழிலாளரும் தொடக்கூடாது.

மூடிய சுடுதளத்தில் சுடுபவர்களுக்கு ஈயம் வேறொரு வழியாகவும் வருகிறது. இக்காலத் தீமூட்டிகள் பலவற்றிலும் ஈயச் சேர்வை உண்டு. ஒவ்வொரு சூட்டிலும் அது நுண்தூளாகக் காற்றில் கலக்கிறது. சுவாசத்தால் ஈயம் உள்ளே போவதென்றால் வார்க்கும் சட்டியைவிட இங்கேதான் வாய்ப்பு அதிகம்.

குழலும் தாளும் காட்டுவது

சுட்டு முடித்தபின் காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை, துவக்கே காட்டித்தரும். ரவை அறையைப் பின்னாலிருந்து மூடும் பூட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்தில் பிடித்தால், ஈயம் படிந்த இடம் மங்கலான வெள்ளித் தகடுபோல் தெரியும். அது ரவை அமரும் அறையை அடுத்து, தவாளிப்பு தொடங்கும் இடத்தில் இருந்தால், வாயு தொடக்கத்திலேயே தப்பியிருக்கிறது, சன்னம் சிறிது. குழலின் வாய்ப்பக்கம் மட்டும் படிந்திருந்தால், மெழுகு பாதி வழியில் தீர்ந்துபோயிருக்கிறது. குழல் முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்தால், துருக் குழிகள்.

தாள் இலக்கில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வட்டத் துளை விழுந்திருந்தால், சன்னம் பக்கவாட்டாகப் புரண்டு வந்து தாளைத் தொட்டிருக்கிறது. மேடுகள் அதைச் சரியாகச் சுழற்றவில்லை. வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டு, தாளில் துளையே விழவில்லையென்றால், அடுத்த சூட்டுக்கு முன் துவக்கைக் கீழே வைத்துவிட வேண்டும். மெதுவாகப் போன சன்னம் குழலின் நடுவிலேயே நின்றிருக்கக்கூடும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழலே பிளக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ரவையை அகற்றி, பூட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்ப்பது. மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்பதே கேள்வி.